குப்பைமேடும் ஒரு கடன்தான்: பெருங்குடி முதல் தாம்பரம் வரை

பெருங்குடிக் குப்பைக் கிடங்கைத் தோண்டி, சலித்து, பிரித்து அகற்றும் பயோமைனிங் வேலைக்கு சென்னை மாநகராட்சி போட்ட மதிப்பு சுமார் 350 கோடி ரூபாய். கொடுங்கையூர் கிடங்குக்கு சுமார் 640 கோடி. ரெண்டையும் கூட்டினால் கிட்டத்தட்ட ஆயிரம் கோடி.

செய்திகளில் இதைத் 'திட்டம்' என்றுதான் எழுதுகிறார்கள். மேம்பாலத் திட்டம், மழைநீர் வடிகால் திட்டம் மாதிரி இதுவும் ஒரு திட்டம். ஆனால் மேம்பாலம் கட்டினால் முன்பு இல்லாத ஒன்று புதிதாக வருகிறது. இங்கே அப்படி எதுவும் வரவில்லை. முப்பது நாற்பது வருஷமாகக் கொட்டினதை இப்போது எடுக்கிறோம், அவ்வளவுதான். சரியான பெயர் சொல்லணும்னா இது பழைய பாக்கியைத் தீர்ப்பது.

பாக்கின்னு சொன்னால் உடனே ஒரு கேள்வி வரும். இவ்வளவு பெரிய தொகை தரவேண்டியிருக்குன்னு இத்தனை வருஷமாக எந்தக் கணக்குப் புத்தகத்தில் எழுதி வைத்தார்கள்? இந்தக் குறிப்பு அதைப் பற்றித்தான்.

வாடகை வீட்டு பெயின்ட் கணக்கு

சென்னையில் வாடகைக்குக் குடியிருந்தவர்களுக்கு இது தெரிந்த விஷயம். காலி பண்ணும்போது ஹவுஸ் ஓனர் அட்வான்ஸில் ஒரு மாத வாடகையை 'பெயின்டிங் சார்ஜ்' என்று பிடித்துக்கொள்வார். பதினோரு மாதமோ ஐந்து வருஷமோ, குடியிருக்கும் வரை அந்தச் செலவு நம் கண்ணில் படாது. மாதச் செலவு நோட்டில் பால், கரன்ட், கேஸ் எல்லாம் இருக்கும், பெயின்ட் இருக்காது. ஆனால் சுவரில் அழுக்கு ஏறுவது தினமும் நடக்கிறது. கடன் தினமும் வளர்கிறது, பணம் மட்டும் கடைசி நாளில் போகிறது.

கணக்கியலில் இரண்டு முறைகள் உண்டு. பணம் கைமாறும் நாளில் மட்டும் எழுதுவது ரொக்க முறை. செலவுக்கான காரணம் பிறக்கும் நாளிலேயே எழுதுவது அக்ரூவல் முறை. நம் மத்திய, மாநில அரசுகள் இன்றும் அடிப்படையில் ரொக்க முறையில்தான் கணக்கு எழுதுகின்றன. பணம் போகாத வரை செலவே இல்லை.

உள்ளாட்சிகள் விஷயம் வேறு. தமிழ்நாட்டு நகராட்சிகளும் மாநகராட்சிகளும் 2000-ஆம் ஆண்டு வாக்கிலேயே அக்ரூவல் முறைக்கு மாறிவிட்டன. நாட்டிலேயே இதில் முன்னால் போன மாநிலம் நம்முடையது. அதனால் "எங்க கணக்கு முறையில் இதுக்கு இடமே இல்லையே" என்று நம் மாநகராட்சிகள் சொல்ல முடியாது. இடம் இருக்கு. அந்த இடத்துக்குப் பெயர் 'புரொவிஷன்'. வரப்போகும் செலவுக்காக இன்றே பேலன்ஸ் ஷீட்டின் கடன் பக்கத்தில் எழுதி வைக்கும் தொகை.

மூன்று கேள்விகள்

இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம் உள்ளாட்சிகளுக்கென்றே தனிக் கணக்குத் தரங்களை வெளியிட்டிருக்கிறது. அதில் 19-வது தரம் புரொவிஷன் பற்றியது. பொதுத்துறைக்கான உலகத் தரத்தை ஒட்டி எழுதப்பட்டது. அது கேட்பது மூன்றே கேள்விகள். மூன்றுக்கும் 'ஆமாம்' என்றால் கடன் பக்கத்தில் எழுதியாக வேண்டும்.

ஒன்று, கடந்த காலத்தில் நடந்த ஒரு செயலால் இன்று ஒரு கடமை உண்டாகியிருக்கிறதா? பெருங்குடியில் 1980-களிலிருந்து குப்பை கொட்டப்பட்டது. செயல் நடந்தாயிற்று. கடமை எங்கிருந்து வருகிறது? 2000-ஆம் ஆண்டு நகரத் திடக்கழிவு விதிகளே, குப்பை நிரப்பும் நிலத்தை மூடிய பிறகு குறைந்தது 15 வருஷம் பராமரிக்கணும், கசிவுநீரையும் நிலத்தடி நீரையும் கண்காணிக்கணும் என்று சொல்லிவிட்டன. 2016 ஏப்ரலில் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் இன்னும் வெளிப்படை. பழைய குப்பைமேடுகளை ஆராய்ந்து பயோமைனிங் செய்யணும் அல்லது பாதுகாப்பாக மூடணும், அதற்கு ஐந்து வருஷம் கெடு. அந்தக் கெடு 2021-இல் முடிந்தது.

இரண்டு, இதற்காகப் பணம் போவது அநேகமாக நிச்சயமா? சட்டம் சொல்லியாயிற்று, பசுமைத் தீர்ப்பாயம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. இதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை.

மூன்று, தொகையை ஓரளவு நம்பகமாகக் கணிக்க முடியுமா? டெண்டர் விடும்போது கணிக்க முடிந்ததே! பெருங்குடியில் அளந்தது 30 லட்சம் கன மீட்டருக்கு மேல். 350 கோடியை அதால் வகுத்தால் ஒரு கன மீட்டருக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் வருகிறது. துல்லியம் இல்லைதான், ஆனால் சுழியம் என்று எழுதுவதைவிட ஆயிரம் மடங்கு சரி.

மூன்றாவது கேள்விக்கு மட்டும் 'இல்லை' என்றால்கூட, தரம் நம்மைச் சும்மா விடுவதில்லை. தொகை போடாவிட்டாலும் பேலன்ஸ் ஷீட்டின் அடிக்குறிப்பில் இப்படி ஒரு கடமை இருக்கு, தொகை ஏன் தெரியவில்லை என்பதைச் சொல்லியாகணும்.

ஒரே சிக்கல், இந்தத் தரங்களை மாநில அரசு அறிவித்தால்தான் அந்த மாநில உள்ளாட்சிகளுக்கு அவை கட்டாயம். புத்தகத்தில் விதி இருப்பதும் ஆடிட்டர் அதைக் கேட்பதும் வேறு வேறு.

கல்பாக்கமும் நெய்வேலியும் செய்வது

"இதெல்லாம் வெளிநாட்டில் நடக்கும், இங்கே எங்கே" என்று தோன்றலாம். ஆனால் தாம்பரத்திலிருந்து ஒன்றரை மணி நேரத் தொலைவில் ஓர் அரசு நிறுவனம் இதைச் செய்கிறது.

கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் இரண்டு உலைகளும் 1984, 1986-இல் ஓடத் தொடங்கின. ஒரு நாள் அவற்றை மூடி, கதிர்வீச்சு ஏறிய கட்டடத்தை அகற்றியாகணும். அதற்காக இந்திய அணுமின் கழகம் விற்கும் ஒவ்வொரு யூனிட் மின்சாரத்திலும் 2 பைசா தனியாக வசூலிக்கப்பட்டு ஒரு நிதியில் சேர்கிறது. அந்த 2 பைசா போதுமா என்று விவாதம் செய்யலாம், செய்யவும் வேண்டும். ஆனால் கொள்கை சரி. இன்று மின்சாரம் எரிப்பவர்தான் அதைச் சுத்தம் செய்யும் செலவில் பங்கு கொடுக்கிறார். 2060-இல் பிறக்கப்போகும் குழந்தை அல்ல.

நெய்வேலியிலும் இப்படித்தான். நிலக்கரி அமைச்சகம் 2009-இல் கொண்டுவந்த வழிகாட்டுதல்படி, சுரங்கம் தோண்டும் நிறுவனம் சுரங்கத்தை மூடும் செலவை ஆண்டுதோறும் தனி எஸ்க்ரோ கணக்கில் போட வேண்டும். எஸ்க்ரோ என்றால் நிறுவனம் தன் இஷ்டத்துக்கு எடுக்க முடியாத பூட்டிய கணக்கு. என்எல்சி ஒரு மத்திய அரசு நிறுவனம். அதுவும் இதில் அடக்கம்.

அணு உலைக்கும் சுரங்கத்துக்கும் முடிகிற காரியம் குப்பைமேட்டுக்கு ஏன் முடியாது?

குப்பைமேட்டுக்கே நேரான உதாரணம் அமெரிக்காவில் இருக்கு. அங்கே மாநில, உள்ளாட்சி அரசுகளுக்குக் கணக்கு விதி வகுக்கும் வாரியம் 1993-இல் வெளியிட்ட 18-வது தரம் முழுக்க இதைப் பற்றியதுதான். சூத்திரம் ரொம்ப எளிது. கிடங்கை மூடிப் பராமரிக்க இன்றைய விலையில் மொத்தம் எவ்வளவு ஆகும்? கிடங்கின் கொள்ளளவில் இதுவரை எவ்வளவு நிரம்பியிருக்கு? அதே விகிதத்தில் கடனை எழுது.

கற்பனையாக ஒரு ஊரை எடுத்துக்கொள்வோம். கிடங்கின் கொள்ளளவு 10 லட்சம் கன மீட்டர். மூடும் செலவு 100 கோடி. இந்த வருஷம் 50,000 கன மீட்டர் கொட்டினார்கள், அதாவது 5 சதவீதம். அப்போ இந்த வருஷக் கணக்கில் 5 கோடி செலவு, கடன் பக்கத்திலும் 5 கோடி. ஒரு ரூபாய்கூட வெளியே போகவில்லை. ஆனால் பட்ஜெட் கூட்டத்தில் அந்த 5 கோடி மேஜை மேல் இருக்கும். கிடங்கு நிரம்பும் இருபதாவது வருஷத்தில் 100 கோடி திடீரென்று முளைக்காது. எல்லோருக்கும் தெரிந்தே வளர்ந்திருக்கும்.

எழுதாததால் என்ன கெட்டுப்போச்சு?

கணக்குப் பிள்ளை எழுதினால் என்ன, எழுதாவிட்டால் என்ன, குப்பை குப்பைதானே? இல்லை. எழுதாமல் விட்டதால் முடிவுகளே மாறிப்போயின.

முதல் விஷயம், கொட்டுவது மலிவாகத் தெரிந்தது. வீட்டிலேயே மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரிக்க ஆள் வேணும், உரக்கூடம் வேணும், சம்பளம் வேணும். கிடங்கில் கொட்ட லாரி வாடகையும் டீசலும் போதும். ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எந்த அதிகாரியும் கிடங்கைத்தான் தேர்ந்தெடுப்பார். ஆனால் பெருங்குடி விகிதத்தில் பாருங்கள். ஒரு லாரியில் 10 கன மீட்டர் குப்பை போகுதுன்னு வைத்துக்கொள்வோம். அது மக்கி அடங்கி பாதியாகச் சுருங்கினாலும், லாரிக்கு 5,000 ரூபாய்க்கு மேல் பின்னாளில் அகற்றும் செலவு. ஒவ்வொரு லாரியும் ஒரு 5,000 ரூபாய் கடன் பத்திரத்தை அங்கே கொட்டிவிட்டு வந்தது. டிரிப் ஷீட்டில் டீசல் மட்டும் இருந்தது.

இரண்டாவது, கடனைச் சுமந்தவர்கள் வேறு ஆட்கள். 2011 அக்டோபரில் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோதுதான் பெருங்குடியும் பள்ளிக்கரணையும் மாநகராட்சிக்குள் வந்தன. அதுவரை சென்னை தன் குப்பையில் ஒரு பகுதியைத் தன் எல்லைக்கு வெளியே கொட்டியது. புகையையும் கெட்டுப்போன கிணற்றுத் தண்ணியையும் அனுபவித்தவர்களுக்கு அந்த மாநகராட்சித் தேர்தலில் ஓட்டே கிடையாது. 2022 ஏப்ரல் கடைசியில் கிடங்கு தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்ததே, அந்தப் புகையும் ஒரு வகையில் வட்டிதான்.

மூன்றாவது, சதுப்புநிலம். பள்ளிக்கரணை ஒரு காலத்தில் சுமார் 5,000 ஹெக்டேருக்கு விரிந்திருந்தது. 2022-இல் ராம்சார் தளமாக அறிவிக்கப்பட்டபோது கணக்கில் வந்தது சுமார் 1,248 ஹெக்டேர். கிடங்கு இருப்பது அந்தச் சதுப்பின் மேலேயேதான். மழைத் தண்ணியை வாங்கி வைத்துக்கொண்ட நிலம் சுருங்கினதுக்கு என்ன விலை? அது எந்தப் புரொவிஷனிலும் வராது. பயோமைனிங் முடிந்து மண் தெரிந்த பிறகும் கசிவுநீர் இறங்கின மண்ணும் நிலத்தடி நீரும் அங்கேயேதான் இருக்கும். 350 கோடி என்பது மேட்டைக் கரைக்கும் செலவு. அடியில் இருப்பது தனி.

நாலாவது விஷயம்தான் எனக்கு ரொம்ப விசித்திரமாகப் படுகிறது. வேலை முடிந்ததும் "இத்தனை ஏக்கர் நிலம் மீட்கப்பட்டது" என்று அறிவிப்பு வரும். பெருங்குடி கிடங்கு சுமார் 225 ஏக்கர். கடன் இருந்த காலத்தில் அது கடன் பக்கத்தில் ஏறாமல், தீர்ந்த பிறகு நிலம் மட்டும் சொத்துப் பக்கத்தில் ஏறினால் என்ன ஆகும்? நாற்பது வருஷத் தப்பு கடைசியில் லாபமாக எழுதப்படும்!

கணக்கு எழுதாவிட்டால் நீதிமன்றம் எழுதும்

அசுத்தம் செய்தவரே செலவை ஏற்கணும் என்ற கொள்கையை உச்ச நீதிமன்றம் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அழுத்தமாகச் சொன்னது 1996-இல், வேலூர்ப் பகுதித் தோல் தொழிற்சாலைகள் வழக்கில். தோலுக்கும் நம்ம தென் புறநகருக்கும் பழைய உறவு உண்டு. குரோம்பேட்டைக்குப் பெயர் வந்ததே குரோம் லெதர் ஆலையால்தான். அன்று குற்றம்சாட்டப்பட்டவை தனியார் ஆலைகள். அசுத்தம் செய்தது அரசு அமைப்பே என்றால்?

அதற்கும் விடை வந்துவிட்டது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2022 செப்டம்பரில் மேற்கு வங்கத்துக்கு 3,500 கோடி, மகாராஷ்டிரத்துக்கு 12,000 கோடி என்று சுற்றுச்சூழல் இழப்பீடு விதித்தது. சுத்திகரிக்காத கழிவுநீருக்கும் தேங்கிக் கிடக்கும் குப்பைக்கும் அளவு போட்டு, அலகுக்கு இவ்வளவு என்று பெருக்கி வந்த தொகை அது. அதாவது மாநிலங்கள் எழுதாமல் விட்ட புரொவிஷனைத் தீர்ப்பாயம் உட்கார்ந்து எழுதியது.

தாம்பரம் வாங்கிய வாரிசுச் சொத்து

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். தாம்பரம் மாநகராட்சி 2021 நவம்பரில் பிறந்தது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும், சிட்லப்பாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்கரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்தது. பத்து உள்ளாட்சிகள் ஒன்றானால் பத்தின் சொத்தும் கடனும் புதிய அமைப்புக்கு வந்து சேரும். கட்டடம், வண்டி, வங்கிக் கடன், ஓய்வூதியம் எல்லாம் பட்டியலில் ஏறும். கன்னடபாளையத்தில் பல வருஷமாகக் குவிந்த குப்பை? பல்லாவரம் பெரிய ஏரியில் கொட்டியது? சிட்லப்பாக்கத்தில் ஏரியோரம் போட்டது? அவையும் அதே வாரிசுச் சொத்தில் அடக்கம்தான்.

சிட்லப்பாக்கம் ஏரியில் இன்னொரு பாடம் இருக்கு. சீரமைக்க மாநில அரசு ஒதுக்கியது 25 கோடி ரூபாய். ஏரி நீர்வளத் துறையுடையது. குப்பையும் சாக்கடையும் வந்தது உள்ளாட்சிப் பகுதியிலிருந்து. செலவு மாநில அரசின் பணம். அசுத்தம் ஒரு பாக்கெட், இடம் இன்னொரு பாக்கெட், பணம் மூன்றாவது பாக்கெட். மூன்றும் நம்ம சட்டையில்தான் இருக்கு, ஆனால் எந்த பாக்கெட்டிலும் 'நான் தரவேண்டியது' என்ற சீட்டு கிடையாது. யாருடைய கடன் என்று எழுதாதபோது, யாரும் அதைக் குறைக்க முயல்வதும் இல்லை.

இதில் மத்திய அரசின் நாலாவது பாக்கெட்டும் உண்டு. 2021 அக்டோபரில் தொடங்கிய தூய்மை இந்தியா இரண்டாம் கட்டத்தில், பழைய குப்பையை அகற்றும் செலவில் 25 முதல் 50 சதவீதம் வரை, ஊரின் மக்கள்தொகையைப் பொறுத்து, மத்திய அரசு தருகிறது. உதவி தேவைதான், குறை சொல்லவில்லை. ஆனால் கொட்டினால் பின்னால் மானியம் வரும் என்ற பழக்கம் வந்துவிட்டால், வீட்டு வாசலில் பிரித்து வாங்கிய ஊருக்கு என்ன மரியாதை?

எதிர்வாதம்

கடனை எழுதினால் மட்டும் குப்பை போய்விடுமா என்று கேட்கலாம். போகாது. அமெரிக்க மத்திய அரசு தன் சுற்றுச்சூழல் கடனை ஆண்டுதோறும் எழுதுகிறது. 2016 நிதியாண்டில் அது 447 பில்லியன் டாலர். பெரும்பகுதி அணு ஆயுதம் செய்த இடங்களைச் சுத்தம் செய்வதற்கு. பல பில்லியன் செலவழித்த பிறகும் அந்தத் தொகை குறையவில்லை, ஏறியது. தோண்டத் தோண்ட இன்னும் இருப்பது தெரிந்தது. 2017-இல் அந்நாட்டுத் தணிக்கை அமைப்பு இதைத் தன் அபாயப் பட்டியலில் சேர்த்தது. எண் எழுதியதால் சுத்தம் ஆகவில்லை. ஆனால் எண் இருந்ததால்தான் "ஏன் ஏறுது?" என்று கேட்க முடிந்தது. கேள்வி கேட்க ஒரு பிடி வேணும், கணக்கு அந்தப் பிடி.

இன்னொரு வாதம், தொகை நிச்சயமில்லை என்பது. தரைக்கு மேல் தெரியும் குப்பையை ட்ரோன் வைத்து அளக்கலாம், சதுப்புக்குள் எவ்வளவு புதைந்திருக்குன்னு தோண்டினால்தான் தெரியும். உண்மை. அதனால்தான் ஒவ்வொரு வருஷமும் மதிப்பைத் திருத்தணும் என்று தரமே சொல்கிறது. ஊழியர்களின் ஓய்வூதியம் எத்தனை வருஷம் தரவேண்டியிருக்கும் என்பதும் யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. அதைக் கணித்து எழுதுகிறோமே.

சரி, என்ன செய்யலாம்?

பெரிய சீர்திருத்தம் எதுவும் தேவையில்லை. முதலில் ஒரு பட்டியல்: மாநகராட்சி எல்லைக்குள் பழையது, புதியது, மூடியது, கைவிட்டது என எல்லாக் குப்பை இடங்களும், அளவோடு. இரண்டாவது, ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பீடு, மூடிய பின் 15 வருஷக் கண்காணிப்புச் செலவோடு. மூன்றாவது, இன்றும் கொட்டிக்கொண்டிருக்கும் இடத்துக்கு டன்னுக்கு இவ்வளவு என்று பூட்டிய கணக்கில் போடுவது, நெய்வேலி மாதிரி. நாலாவது, 'மீட்ட நிலம்' சொத்தாக ஏறும்போது அதன் பக்கத்திலேயே மீட்கச் செலவழித்ததும், மண்ணிலும் நீரிலும் மிச்சம் இருப்பதும் ஏறணும்.

இதற்கு இப்போது இன்னொரு அவசரமும் வந்திருக்கு. 2025-இல் சென்னை மாநகராட்சி 200 கோடி ரூபாய்க்குக் கடன் பத்திரம் வெளியிட்டது. நாளைக்கு மற்ற மாநகராட்சிகளும் சந்தைக்குப் போகலாம். பத்திரம் வாங்குபவர் பேலன்ஸ் ஷீட் கேட்பார். வங்கிக்குத் தரவேண்டியது அதில் இருக்கும். மண்ணுக்குத் தரவேண்டியது?

வார்டு குழுக் கூட்டத்திலோ தகவல் உரிமை மனுவிலோ கேட்க ஒரே ஒரு கேள்வி போதும்: "உங்கள் கடைசி ஆண்டுக் கணக்கில், குப்பைக் கிடங்குகளை மூடிச் சுத்தம் செய்வதற்கு எவ்வளவு புரொவிஷன் எழுதியிருக்கிறீர்கள்?" ஒரு தொகை பதிலாக வந்தால், அடுத்த வருஷம் அது ஏறியதா இறங்கியதா என்று பார்க்கலாம். 'இல்லை' என்று வந்தால், வரி கட்டுகிற நமக்குத் தெரியாமல் நம் பேரில் ஒரு கடன் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.